ஆற்றோரமா, கால்வாய்க்கரையா? நெல்லைச் சீமையில் ஒரு நாள் நடைக்கு எங்கே போகலாம்

தைப்பொங்கல் முடிந்ததும் வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். மலை ஏற வேண்டாம், வேன் பிடித்துக் கோயில் கோயிலாகச் சுற்றவும் வேண்டாம், ஒரு நாள் காலாற நடக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர் ஓட வேண்டும், கண்ணுக்குப் பச்சை தெரிய வேண்டும். எங்கே போகலாம்? ஜெர்மனியில் வேலை பார்க்கும் அத்தை மகன் ஒருவன் இதையே இன்னும் குறிப்பாகக் கேட்டான். அங்கே மோசல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்து பழகியவன். “அது மாதிரி நம்ம ஊருல ஒண்ணு சொல்லுங்க அத்தான்” என்றான்.

திராட்சைக்கு நெல்லையில் வழி இல்லை. அதைக் கடைசியில் பார்ப்போம். ஆறு, வயல், கொடி, மரம் என்று மற்ற எல்லாம் இருக்கிறது. தாமிரபரணிக் கரையை ஒட்டி ஒரு நாளில் முடிகிற நடை என்றால் நாலைந்து வழிகள் தேறும். அவற்றில் எது யாருக்குச் சரிப்படும் என்று பார்க்கும்போது அழகை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. தை, மாசியில் இந்தப் பக்கம் எங்கே நின்றாலும் அழகுதான். நான் பார்ப்பது மூன்று விஷயம்: நிழல் எவ்வளவு தூரத்துக்கு இருக்கிறது, நடந்து முடித்த இடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்ப என்ன வழி, பாதியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் எங்கே கழன்றுகொள்ளலாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சமதரை நடையைச் சிரமமாக்குவது மேடு பள்ளம் அல்ல, பதினோரு மணி வெயில்.

இதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஆற்றங்கரையில் நடக்க வேண்டும் என்று வருகிறவர்கள் ஆற்றையே பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறார்கள். தாமிரபரணியில் அது நடக்காது. படித்துறையிலிருந்து கொஞ்ச தூரம் ஒற்றையடிப் பாதை இருக்கும், அப்புறம் சீமைக் கருவேலம் அடைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் யாராவது ஒருவருடைய வாழைத் தோட்டத்து வேலி, இல்லாவிட்டால் ஆற்றில் வந்து விழுகிற ஓடை. சுற்றிக்கொண்டு ரோட்டுக்குத்தான் வர வேண்டியிருக்கும்.

நடக்க ஏற்றது ஆறு அல்ல, ஆற்றிலிருந்து பிரியும் கால், அதாவது கால்வாய். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்னது ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. மற்றவை அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தவை. இவற்றிலிருந்து மொத்தம் பதினோரு கால்கள் பிரிகின்றன. ஒவ்வொரு காலுக்கும் கரை உண்டு. மடை பார்க்கிறவர் சைக்கிளிலோ பைக்கிலோ போய்வர வேண்டும், தூர்வாரும் மிஷின் இறங்க வேண்டும் என்பதால் அந்தக் கரையில் வழியும் உண்டு. கால் ஆற்றைவிட்டு ரொம்பத் தள்ளிப் போவதில்லை. ஒரு பக்கம் ஓடுகிற தண்ணீர், மறுபக்கம் கீழே இறங்கிப் போகும் வயல், மேட்டில் நீங்கள். சரியாகச் சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் நூற்றாண்டுகளாக நடந்துகொண்டிருக்கும் வழி அதுதான்.

கன்னடியன் கால்: சேரன்மகாதேவி முதல் கல்லிடைக்குறிச்சி வரை

என்னைக் கேட்டால் முதல் இடம் இதற்குத்தான். எதற்கு என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் காரணம் ரயில். நெல்லையிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பாதையில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஸ்டேஷன்கள் வரிசையாக நிற்கின்றன. கன்னடியன் காலும் ஏறத்தாழ இதே ஊர்களை ஒட்டித்தான் ஓடுகிறது. காலையில் பாசஞ்சரில் போய் ஓர் ஊரில் இறங்கி, நடந்து, இன்னோர் ஊரில் ஏறித் திரும்பிவிடலாம். நடுவில் யாருக்காவது முழங்கால் பிடித்துக்கொண்டால் காருகுறிச்சியிலோ வீரவநல்லூரிலோ அவரை அம்பை (அம்பாசமுத்திரம்) ரோட்டுக்கு அனுப்பி பஸ் ஏற்றிவிடலாம். வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு அதை எடுக்கத் திரும்பி நடக்கும் வேலையே இல்லை.

பெரும்பாலானவர்கள் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கித் தண்ணீர் போகிற போக்கில் கிழக்கே வரப் பார்ப்பார்கள். எதிர்ப்பக்கமாக நடங்கள் என்பேன். காலையில் கிழக்கே நடந்தால் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், மலை முழுக்க முதுகுக்குப் பின்னால் போய்விடும். சேரன்மகாதேவியில் இறங்கி மேற்கே நடந்தால் வெயில் முதுகில். எதிரே பொதிகையும் அதன் அடுக்குகளும் இளவெயிலில் மடிப்பு மடிப்பாகத் தெரியும். முதல் மூன்று மணி நேரம் மலை உங்களோடு பேசிக்கொண்டே வரும். உச்சிவெயிலுக்குள் நடை முடிந்துவிட்டால் மேற்கு வெயிலைப் பற்றிய கவலையும் இல்லை.

தூரம், ரயில் பாதைக் கணக்கில் சுமார் 15 கிலோமீட்டர். கால் வளைந்து வளைந்து போவதால் நடக்கும்போது ஒன்றிரண்டு கூடும். நின்று நின்று போனால் ஐந்து மணி நேரம். தை மாதம் இங்கே ஆறரை மணிக்குத்தான் பளிச்சென்று விடியும், அப்போது கரையில் ஏறிவிட வேண்டும்.

இந்தக் கால் ஏன் இப்படி வளைகிறது என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிராமணர் தனக்குக் கிடைத்த பொன்னை என்ன செய்வது என்று பொதிகையில் அகத்தியரைக் கேட்டாராம். ஒரு பசுவின் பின்னால் போ, அது நடக்கும் வழியெல்லாம் கால் வெட்டு, சிறுநீர் கழிக்கும் இடத்தில் மடை வை, படுக்கும் இடத்தில் குளம் தோண்டு என்று அவர் சொன்னாராம். நடந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கதையில் உள்ள கெட்டிக்காரத்தனம் புரியும். பசு செங்குத்தாக ஏறாது, இறங்காது, மட்டம் பிடித்துத்தான் நடக்கும். கால் வெட்டுவதற்கும் அதே மட்டம்தான் வேண்டும். சுமார் 12,500 ஏக்கருக்குப் பாய்கிற தண்ணீர் மோட்டார் இல்லாமல் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிச் சேருவது அந்த மட்டத்தால்தான். நடக்கிறவருக்கும் அதுதான் லாபம். மூச்சு வாங்கும்படி ஒரு மேடுகூட வராது.

கரையில் என்ன பார்க்கலாம்? ஒரு மடையைச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் பழைய கல், நடுவில் இரும்பு ஷட்டர், அதைத் தூக்கும் திருகுத் தண்டில் கருப்பாகக் கிரீஸ். ஷட்டரை நாலு விரல்கடை தூக்கியிருப்பார்கள். அந்த இடைவெளியில் தண்ணீர் கண்ணாடித் தகடு போல வழுக்கி வந்து கீழே நுரைக்கும். வாய்க்காலுக்குள் இறங்கி, மண்வெட்டியால் ஒரு கொத்துப் புல்லும் மண்ணும் வெட்டி அடுத்த வயலின் வாயை அடைத்துக்கொண்டிருப்பார் ஒருவர். படித்துறையில் கடைசிக்கு முந்தின படி, மஞ்சள் உரசி உரசிக் குழிந்துபோயிருக்கும். நடந்து வருகிறவர்களைப் பார்த்தால் கேள்வி வராமல் இருக்காது.

“எங்க போறிய, வண்டி ரிப்பேரா?”

“இல்ல அண்ணாச்சி, சும்மா நடக்கோம்.”

“சும்மாவா?” என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நேரா போங்க, அடுத்த மடையில கரை சரியில்ல, பாலத்துல ஏறி அந்தப் பக்கமா போயிருங்க” என்பார். அந்த ஒரு வரி, போனில் இருக்கும் எந்த மேப்பிலும் கிடைக்காது.

தையில் பிசானப் பருவ நெல் கதிர் வாங்கி நிற்கும். பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் நாட்கள். மாசிக் கடைசியில் போனால் அறுவடை மிஷினும் வைக்கோல் கட்டும் மிஷினும் நிற்கும், தூசி பறக்கும், ஆனாலும் புது வைக்கோல் மணத்துக்காகப் போகலாம். வயல் விட்டால் வாழை, வாழை விட்டால் தென்னை. வீரவநல்லூர்ப் பக்கம் வந்தால் தெருக்களில் தறிச் சத்தம் கேட்கும். வெள்ளாங்குழி அருகே அகலமாக ஒரு புதுக் கால்வாய் பிரிவதைப் பார்க்கலாம். வெள்ளத்தில் வீணாகும் தண்ணீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாகத் திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோகும் வெள்ளநீர்க் கால்வாய் அது. பழைய காலும் புதுக் காலும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதைப் பார்த்தால், பசு நடந்த வழிக்கும் மிஷின் வெட்டிய வழிக்கும் உள்ள வித்தியாசம் சொல்லாமலே விளங்கும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நிழல் தொடர்ச்சியாகக் கிடையாது. மருதும் புளியும் கொஞ்ச தூரம், அப்புறம் வெட்டவெளி, அப்புறம் மறுபடி நாலு மரம். ஒவ்வோர் ஊரை நெருங்கும்போதும் முதல் முன்னூறு அடி மூக்கைப் பொத்திக்கொண்டு, கீழே பார்த்துத்தான் நடக்க வேண்டும். கரையை ஒதுங்குமிடமாகவும் குப்பைமேடாகவும் வைத்திருக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சில இடத்தில் அமலைச் செடி (ஆகாயத்தாமரை) கால்வாயை முழுசாக மூடிவிட, தண்ணீரையே பார்க்க முடியாது. ஊருக்கு ஊர் நடுவில் டீக்கடை கிடையாது. கட்டுச்சோறும் தண்ணீரும் கையில் இருக்க வேண்டும். வயலில் எலி இருக்கிறது, எலி இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும், அதனால் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் நடை முடியும்போது, ரயிலுக்கு நேரம் இருந்தால் அக்ரகாரத் தெருக்களில் ஒரு சுற்று போய்வரலாம். அப்பளம் வாங்காமல் திரும்புகிறவர்களை நான் பார்த்ததில்லை. குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982இல் திருடுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்து 2019இல் திரும்பி வந்தார். அந்தக் கதையைத் தெருவில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

பாபநாசம் முதல் அம்பாசமுத்திரம் வரை

மலைக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்கிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள். பாபநாசநாதர் கோயில் படித்துறையில் தொடங்கி விக்கிரமசிங்கபுரம் வழியாக அம்பைக்கு வருவது. தண்ணீர் தெளிவு, காற்று குளிர்ச்சி, மலை தலைக்கு மேல் நிற்கிறது. ஆற்றைப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் இதற்கு ஈடு வேறில்லை.

ஆனால் நடை என்று பார்த்தால் என் கணக்கில் இது இரண்டாவதுகூட இல்லை. பாதி தூரம் ரோட்டில்தான் நடக்க வேண்டியிருக்கும். பஸ், கார், ஐயப்ப சீசனில் வேன்கள். கோயிலுக்கு மேலே போனால் வனத்துறை சோதனைச் சாவடி வந்துவிடும், அதற்கு அப்பால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே நினைத்தபடி நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. கோயில் படித்துறையில் பரிகாரம் செய்கிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் துணிகள் இன்னொரு தொல்லை. எத்தனை தடவை அள்ளினாலும் மறுபடி சேர்ந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட இங்கே தண்ணீரைப் பற்றிய பயம் வேண்டும். மேலே அணையும் மின் நிலையமும் இருப்பதால் கீழே தண்ணீரின் அளவு திடீரென்று மாறும். பாறை வழுக்கும், பாறைக்குப் பக்கத்திலேயே கசம், அதாவது ஆழமான மடு, இருக்கும். வ.வே.சு. ஐயர் 1925இல் இறந்தது இந்தப் பாபநாசத்துக் கல்யாண தீர்த்தத்தில்தான். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திவந்தவர், பிள்ளைகளோடு இங்கே வந்திருந்தபோது அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து, இருவரும் போய்விட்டார்கள். நூறு வருஷம் ஆகியும் அந்தப் பாறைகள் மாறவில்லை. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் இந்த வழியைச் சொல்வதில்லை.

ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, அதற்குக் கீழே கொடிக்கால்

ஜில்லாக் கணக்கில் இப்போது இது தூத்துக்குடி மாவட்டம். 1986க்கு முன் எல்லாம் நெல்லைதான், ஆறும் ஒன்றுதான். கன்னடியனுக்கு நேர் எதிரான நிலம் இது. மலை இல்லை, வானம் பெரியது, மண் கறுத்துப் பிசுபிசுக்கும், கண்ணுக்கு எட்டிய வரை வாழை. ஆறும் அகலம் கூடி, சோம்பலாக ஓடுகிறது.

நடப்பதற்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் தென்கால் கரை வசதி. இங்கேயும் திருச்செந்தூர் ரயில் துணைக்கு இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனும் ஆழ்வார்திருநகரி ஸ்டேஷனும் அடுத்தடுத்தவை, இரண்டுக்கும் இடையே ஆறு கிலோமீட்டர்கூட வராது. வயதானவர்களோடு வருகிறவர்கள் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளியமரத்தைப் பார்த்துவிட்டு, கால் தாங்கினால் திருக்கோளூர் வரை இன்னும் கொஞ்சம் நடக்கலாம். இந்த இரண்டும் சேர்ந்த நவதிருப்பதிப் பெருமாள் கோயில்கள் ஒன்பதையும் எல்லாரும் வேனில் அரை நாளில் முடிக்கிறார்கள். இரண்டை நடந்து பார்ப்பது அதைவிட மேல் என்பது என் கட்சி.

பழைய விஷயங்களில் ஆர்வம் உள்ளவர் கூட இருந்தால் நடைக்கு முன்னோ பின்னோ ஆதிச்சநல்லூருக்கு ஆட்டோ வைத்துப் போங்கள். 114 ஏக்கர் பரப்புள்ள தாழிக்காடு, இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழைய இடம். 1876இல் ஜெர்மானியர் ஜாகர் தோண்டத் தொடங்கி, அலெக்சாண்டர் ரீ தொடர்ந்து, இந்த நூற்றாண்டிலும் அகழாய்வு நடந்த இடம். தாழிகளைத் தோண்டிய குழியிலேயே வைத்துக் கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பரம்பில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பத்து மணிக்குள் பார்த்துவிட வேண்டும்.

இந்தப் பக்கத்துக்கு 2023 டிசம்பருக்கு முன், பின் என்று இரண்டு காலம் இருக்கிறது. அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். குளங்கள் உடைந்தன, கரைகள் அடித்துக்கொண்டு போயின, ஏரல் பாலமும் தப்பவில்லை. பிறகு மண்போட்டு எடுத்துக்கட்டிய கரை பல இடத்தில் இன்னும் இறுகாமல் கிடக்கலாம். மழை பெய்த மறுநாள் போனால் களிமண் ஷூவோடு சேர்த்துக் காலைப் பிடித்துக்கொள்ளும். கன்னடியன் கரையைவிட இதைச் சிரமம் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

ஆனாலும் திராட்சைத் தோட்டத்து நடைக்கு நம் ஊரில் ஒரு பதில் இருக்கிறது என்றால் அது இந்தப் பக்கம்தான், இன்னும் கீழே, ஆத்தூரில். கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம். வெற்றிலைக் கொடியும் திராட்சையைப் போலப் பற்றிப் படர்வதுதான், ஆளை வைத்துக் கட்டிக் கட்டி வளர்க்க வேண்டியதுதான். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த ஆத்தூர் வெற்றிலை தாமிரபரணித் தண்ணீரில் விளைகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கொடிக்கால் என்று தெரியாது, நெருக்கமாக நட்ட அகத்திக் கூட்டம் போலத்தான் இருக்கும். உள்ளே நுழைந்தால் வெளிச்சமே பச்சையாக மாறிவிடும். அகத்தித் தண்டு ஒவ்வொன்றிலும் கொடி ஏறி நிற்கும், முழத்துக்கு ஒரு கட்டு. இரண்டு பாத்திக்கு நடுவே குறுகலான பள்ளம், அதில் தண்ணீர் கசிந்து நிற்கும். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே ஈரக் காற்று. இலையைக் கட்டைவிரல் நகத்தால் காம்போடு கிள்ளி எடுத்து அடுக்குவார்கள். விரலிலும் காற்றிலும் அந்தக் காரமணம்.

கொடிக்காலுக்குள் செருப்போடு போகக் கூடாது. விவசாயியிடம் கேட்டுவிட்டு, வாசலிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். கேட்காமல் நுழைந்தால் கோபித்துக்கொள்வார்கள், அது நியாயமும்கூட. வாடல் நோய் வந்தால் முழுக் கொடிக்காலும் போய்விடும், வெளி மண் உள்ளே வருவதை அவர்கள் விரும்புவதில்லை. ஆத்தூர், முக்காணி, உமரிக்காடு சுற்றுவட்டாரத்தில் கொடிக்கால்கள் உண்டு. ஆழ்வார்திருநகரி வரை நடந்துவிட்டு, அங்கிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ ஆத்தூர் போய், கொடிக்கால் ஓரமாக ஒரு மணி நேரம் நடப்பது நல்ல ஏற்பாடு. தொடர்ந்து நடந்தே போவதை நான் சொல்லமாட்டேன், நடுவில் ரோடு அதிகம்.

டவுனை விட்டுப் போக நேரம் இல்லாதவர்களுக்கு

குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே பாறையில் நிற்கும் முருகன் கோயில். வெள்ளம் வந்தால் மூழ்கும், உற்சவரை முன்கூட்டியே மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வடிந்ததும் கழுவிவிட்டு வழக்கம்போலப் பூசை. அங்கிருந்து கொக்கிரகுளம் வரை வந்து, 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தின் வளைவுகளைக் கீழே நின்று பார்க்கலாம். கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) இருந்த முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். கீழே போகப்போகச் சாக்கடை கலக்கும் இடங்கள் வரும், கால் நனைக்க மனம் வராது. இதை நடை என்று சொல்லி யாரையும் ஏமாற்ற விரும்பவில்லை. சாயங்காலம் கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு, நெல்லையப்பர் கோயில் எதிரே அல்வாவுக்கு வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு இது போதும்.

திராட்சையேதான் வேண்டும் என்றால்

தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும். சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி சுற்றிலும் பன்னீர் திராட்சை, பக்கத்தில் முல்லைப்பெரியாறு. 2023இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் குலை பழுத்திருக்கும் என்பது இதன் சிறப்பு. ஆனால் மோசலை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். அங்கே செங்குத்தான சரிவில் வரிசை வரிசையாகக் கொடி, நடக்கிறவர் மேலிருந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே போகலாம். இங்கே சமதரையில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்த பந்தல். கொடி தலைக்கு மேல், குலை முகத்துக்கு நேரே, பார்வை பந்தலோடு முடிந்துவிடும். மருந்து அடிக்கும் நாள் என்றால் தோட்டத்துக்குள் விடவும் மாட்டார்கள், போகவும் கூடாது.

நெல்லையிலிருந்து போய் நடந்து அன்றே திரும்புவது நடக்காத காரியம். ஒரு ராத்திரி தங்க வேண்டும். தங்கும் செலவும் கார் வாடகையும் சேர்த்துப் பார்த்தால், கன்னடியன் நடைக்கு ஆகும் பாசஞ்சர் டிக்கெட்டோடு ஒப்பிடவே முடியாது. அத்தை மகனிடம் இதைத்தான் சொன்னேன். தேக்கடிக்கோ மேகமலைக்கோ எப்படியும் போகிறவர்கள் வழியில் அரை நாள் நிறுத்தலாம், திராட்சைக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

அப்போ யாருக்கு எது

நன்றாக நடப்பவர்கள், நாலைந்து பேர், ஒரு முழுக் காலைப்பொழுது இருக்கிறது: கன்னடியன், மேற்கு நோக்கி. பெரியவர்களும் கோயிலும் முக்கியம் என்றால் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. பிள்ளைகளோடு வருகிறவர்கள் கன்னடியனில் பாதியை மட்டும், சேரன்மகாதேவியிலிருந்து வீரவநல்லூர் வரை நடந்துவிட்டு, அங்கிருந்து ஆட்டோவில் திருப்புடைமருதூர் போகலாம். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஒவ்வொரு நிலையிலும் பழைய சுவரோவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. ஊர் மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் நீர்க்காகமும் வக்காவும் கூடு கட்டும். அந்தப் பறவைகளுக்காக 2005இல் அறிவித்த காப்பிடம் (‘கன்சர்வேஷன் ரிசர்வ்’), நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. பிள்ளைகளுக்கு ஓவியத்தைவிட நாரைக் குஞ்சுகளின் சத்தம்தான் பிடிக்கும். மரத்துக்கு நேர் கீழே மட்டும் நிற்க விடாதீர்கள், சட்டை வீணாகிவிடும்.

எந்த வழியானாலும் முந்தின நாள் பேப்பரில் நெல்லைப் பதிப்பின் உள்பக்கத்தைப் பாருங்கள். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் எல்லாம் சின்னதாகப் போட்டிருப்பார்கள். வெளியேற்றம் திடீரென்று கூடியிருந்தால் ஆற்றில் இறங்குவதை விட்டுவிட்டுக் கால்வாய்க்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பங்குனி கடைசி முதல் வைகாசி வரை பெரும்பாலும் கால்களை அடைத்துவிடுவார்கள். காய்ந்த சேறும் பாலித்தீன் பையும்தான் மிஞ்சும். ஜூனில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தால் மறுபடி நடக்கலாம். அப்போது வயலில் நாற்று, மேற்கே சாரல், வெயிலும் அவ்வளவு கொல்லாது. தையில் லீவு கிடைக்காதவர்கள் ஆனியில் வரலாம், குடை மட்டும் கையில் இருக்கட்டும்.